ஆயுதத்தைக் கொடு, காவல் தருகிறேன்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், நம் ஊர் டீக்கடையில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "அவ்வளவு பெரிய நாடு, இதை ஏன் நிறுத்த முடியவில்லை?" என்பது முதல் கேள்வி. "அங்கே துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமையாமே, நமக்கு அப்படி ஏதும் உண்டா?" என்பது இரண்டாவது. வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் துப்பாக்கி லைசென்ஸ் விண்ணப்பங்கள் விசாரணைக்காக என் மேசைக்கும் வந்ததுண்டு. அதனால் இரண்டாவது கேள்வியை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவேன். விவரமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. அவர்களுடைய அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்த்த இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது ஊர்க்காவல் படைக்காகச் சொன்னதா, தனி மனிதனுக்காகச் சொன்னதா என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விவாதம் நடந்தது. தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை எதிர்த்து ஹெல்லர் என்பவர் போட்ட வழக்கில், அது தனி மனித உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். 2022-ல் நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட லைசென்ஸ் முறையும் அடிபட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அந்த நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். 2024-ல் கொஞ்சம் நிதானித்து, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆக, அங்கே நீதிபதிகள் வரலாற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் இப்போது தீர்ப்புச் சொல்கிறார்கள். நம் வரலாற்றைப் புரட்டினால் என்ன கிடைக்கிறது? எனக்குத் தெரிந்தவரை அது ஒரு பேரம். "ஆயுதத்தைக் கொடுத்துவிடு, உன்னை நான் காப்பாற்றுகிறேன்" என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள். நாம் கொடுத்தோம், அல்லது பிடுங்கிக்கொண்டார்கள். காப்பாற்றுகிற பாதி ஒழுங்காக நடந்ததா என்பதுதான் இருநூறு ஆண்டுகளாக ஓடும் கேள்வி.

பாளையக்காரர் காலத்தில் ஆயுதம் இல்லாத ஊர் கிடையாது. போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமனூர் என்று நம் பக்கம் பிற்காலத்தில் ஜமீன்களாக நாம் அறிந்தவை அந்தக் காலத்தின் மிச்சங்கள்தான். பாளையக்காரருக்குக் கோட்டை உண்டு, படை உண்டு. வேல், வாள், வளரி, திரியைக் கொளுத்திச் சுடும் துப்பாக்கி எல்லாம் உண்டு. ஊருக்குத் தலக்காவல், சீமைக்குத் தேசகாவல் என்று இருந்தன. ஆடு மாடு களவு போனால் மீட்டுக் கொடுப்பது, அல்லது ஈடு கொடுப்பது காவல்காரர் பொறுப்பு. அதற்காக வீட்டுக்கு இவ்வளவு, ஏருக்கு இவ்வளவு என்று காவல் கூலி கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் அடாவடியும் இருந்தது. ஆனாலும் ஆயுதம் வைத்திருப்பவன் எவனோ அவனே காவலுக்குப் பொறுப்பு என்பதில் குழப்பம் இல்லை.

கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் தென்பாளையங்களில் ஆயுதப் பறிப்பு தொடங்கியது. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாம் பள்ளியில் படித்த ராபர்ட் கிளைவின் மகன் இவர். கோட்டைகள் கூடாது, ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், படை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பெனி நிலத்தீர்வையை நிரந்தரமாக நிர்ணயிக்கும், பாதுகாப்பும் தரும். தமிழ்ச் சீமையில் நான் சொன்ன பேரம் எழுத்தில் வந்த இடம் இதுதான்.

மலைக்கு அந்தப்பக்கம் மலபாரிலும் அதே வழிதான். அங்கே 1854-ல் மாப்பிள்ளைகளின் போர்க்கத்தியைத் தடை செய்யவே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். கலெக்டர் கனோலி ஊர் ஊராகப் போய் ஏழாயிரத்துக்கு மேல் கத்திகளை வாங்கிச் சேர்த்தார். அடுத்த ஆண்டே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியா முழுவதற்கும் ஆயுதச் சட்டங்கள் வந்தன. அவற்றில் பேர் போனது லிட்டன் பிரபு கொண்டுவந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். வெள்ளைக்காரருக்கு விலக்கு. சுதேசி மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே 1878-ல் வந்ததுதான்.

இந்தப் பாரபட்சம் படித்தவர்களைச் சுட்டது. 1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில் கூடியபோது, ஆயுதச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று இளைஞர் விபின் சந்திர பால் ஆவேசமாகப் பேசினார். அகிம்சையைப் போதித்த காந்தியடிகளும், ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிக மோசமான செயல்களில் வைத்தே பேசினார். 1928-ல் மோதிலால் நேரு குழு எழுதிய அரசியல் சட்ட வரைவில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளக் குடிமக்கள் எல்லாருக்கும் உரிமை என்று ஓர் இனம் இருந்தது. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் அது இடம் பெற்றது. இன்று "அது அமெரிக்காக்காரன் பைத்தியம்" என்று சொல்லும் பலருக்கு, நம் தலைவர்களும் ஒரு காலத்தில் அதைக் கேட்டார்கள் என்பது தெரியாது.

அந்த நாட்களில் நம் பகுதியில் காவல் என்ன ஆனது? 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. பழைய காவல் கூலி மெல்ல மெல்லக் குற்றமாகப் பார்க்கப்பட்டது. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி தொடங்கி நம் பள்ளத்தாக்கு வரை பரவியிருந்த பிரமலைக் கள்ளர்களின் வாழ்க்கையில் அது விழுந்த அடி. காவல்காரன் என்று கூலி வாங்கியவனைப் பரம்பரைக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதினார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ஆண்கள் கைரேகை கொடுக்க வேண்டும், ராத்திரியில் குறித்த இடத்தில் வந்து படுக்க வேண்டும்.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சேடபட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை எடுக்க வந்த போலீசை ஊரார் மறித்தார்கள். போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். காவல் தருகிறேன் என்று ஆயுதத்தை வாங்கிய அரசு அந்த ஆயுதத்தை எந்தப் பக்கம் திருப்பியது என்பதற்கு அந்த ஊரில் நிற்கும் நினைவுத் தூணே சாட்சி. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது. ஆயுதச் சட்டத்தைப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். துப்பாக்கி யாரிடம் இருக்கலாம் என்பதும், யாரை நம்பலாம் என்பதும் அரசுக்கு எப்போதும் ஒரே கேள்விதான். அதனால்தான் இழுக்கிறேன்.

சுதந்திரம் வந்தது. கராச்சியில் கேட்டதைக் கொடுக்க வேண்டிய நேரமும் வந்தது. 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் அடிப்படை உரிமைகள் விவாதத்துக்கு வந்தபோது எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் பட்டியலில் சேருங்கள், கராச்சியில் சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்டார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆளாளுக்குச் சந்தையில் போய் ஆயுதம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. இன்று நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், கூட்டம் கூடும் உரிமையே "ஆயுதமின்றி, அமைதியாக" என்ற நிபந்தனையோடுதான் இருக்கிறது. சீக்கியர்கள் கிர்பான் அணிவதை மட்டும் 25-ஆம் பிரிவு மத உரிமையாக ஒப்புக்கொள்கிறது.

அம்பேத்கர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத காலம் அது. காந்தியடிகளைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று ஓர் ஆண்டு கூட ஆகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அரசியல் சட்டமும் 1801 பேரத்தின் முதல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டது. ஆயுதம் அரசிடம் இருக்கும். எனவே காக்கும் பொறுப்பும் அரசுக்குத்தான்.

1878 சட்டத்தை எடுத்துவிட்டு 1959-ல் நம் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. 1962 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. பொதுவாக லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். ஆனால் 13-ஆம் பிரிவில் சிலருக்கு மட்டும் "கொடுக்கலாம்" என்று எழுதாமல் "கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள சாதாரணத் துப்பாக்கி கேட்பவர் ஒருவர். உண்மையாகவே பயிரைக் காக்க, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் விவசாயி இன்னொருவர். மருந்துத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், அந்த விவசாயிக்கு வேறு வகைத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம்.

அடுத்த 14-ஆம் பிரிவு இன்னும் நல்லது. விண்ணப்பித்தவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் சொல்லவும் வேண்டும், பொது அமைதி கருதிச் சொல்லாமல் விடும் சில சமயங்களைத் தவிர. 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஆனால் 13-ல் உள்ள "கொடுக்க வேண்டும்" என்பது முழு வாக்குறுதி அல்ல. விண்ணப்பித்தவர் தகுதியற்றவர் என்றோ, பொது அமைதிக்கு ஆபத்து என்றோ அதிகாரி கருதினால் 14-ஆம் பிரிவின்படி மறுக்கலாம். இருந்தாலும் ஒரு குடிசைக்காரனும் ஜமீன்தாரும் ஒரே வரிசையில் நிற்கலாம் என்று 1959-ல் எழுதி வைத்தார்களே, அது லிட்டன் சட்டத்திலிருந்து வெகுதூரம்.

இனி நம் ஊர் நடப்பு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவிக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த நெல் வயல்களுக்குப் பன்றித் தொல்லை அவ்வளவு இல்லை. மலையடிவாரத்தில் மானாவாரியாகக் கடலை, மொச்சை, சோளம் போடுகிறவனுக்கும், தென்னையும் வாழையும் வைத்தவனுக்கும்தான் ராத்திரி தூக்கம் கிடையாது. பரண் கட்டி, தகர டின்னைத் தட்டி, தீப்பந்தம் கொளுத்தி, கோம்பை நாயை அவிழ்த்துவிட்டுக் காத்த பயிர் அது. கோம்பை நாய் என்ற பெயரே நம் பள்ளத்தாக்கின் ஊர்ப் பெயர்தான் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பெரிய தோட்டங்களில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கி இருக்கும். சிறு விவசாயி வைத்திருந்தால் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. பெரும்பாலும் அது வெறும் சத்தத்துக்குத்தான். ஒரு வேட்டு போட்டால் கூட்டம் மலையேறிவிடும்.

லைசென்ஸ் விண்ணப்பம் கலெக்டருக்குப் போகும். அங்கிருந்து போலீசுக்கும் தாசில்தாருக்கும் அறிக்கை கேட்டு வரும். நிலம் எங்கே, காட்டுக்கு எவ்வளவு தூரம், குற்ற வழக்கு உண்டா, ஊரில் பகை உண்டா என்று விசாரிப்போம். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். இப்படி எல்லாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது, யாரிடம் வாங்குவது என்று ஒரு குழு ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009 முதல் தேர்தல் ஆணையமும் அதையொட்டித்தான் அறிவுரை தருகிறது.

லைசென்ஸ்தாரர் இறந்துபோனால் துப்பாக்கி தானாக மகனுக்குப் போகாது. ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு மகன் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கம் பல துப்பாக்கிகள் இந்த இடத்தில்தான் முடிந்தன. அடிவாரத்து விவசாயி ஒருவர் தகப்பனார் துப்பாக்கிக்காக ஓர் அலுவலகத்துக்கு இரண்டு வருடம் நடந்தார். கொடுக்கிறோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் எழுதித் தரவில்லை. கடைசியில் ஒரு நாள் என்னிடம், "ஏன் சார், எனக்குத்தான் லைசென்ஸ் வேணும். பன்னிக்கு யாரு சார் லைசென்ஸ் குடுத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மறுப்பாணை கேட்டிருந்தால் சட்டப்படி கிடைத்திருக்க வேண்டும். மறுப்பாணை இருந்தால்தானே மேல்முறையீடு, வழக்கு எல்லாம்? அன்றைக்கு உயர் நீதிமன்றம் என்றால் சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டும். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது.

இப்படி பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இது ஒரு பெரிய வழக்காகவே வந்தது. 1993-ல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு ஒரு தீர்ப்பில், தடை செய்யப்படாத வகைத் துப்பாக்கி வைத்திருப்பது 21-ஆம் பிரிவின் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றார். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பிற்பாடு 2004 கடைசியில் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக வந்தவர்தான் இவர். அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதே அலகாபாத் நீதிமன்றத்தின் முழு அமர்வு, துப்பாக்கி லைசென்ஸ் அரசு தரும் அனுமதி, அடிப்படை உரிமை அல்ல என்று அதைத் தள்ளியது.

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எம். ஜோசப், நாகரத்னா அமர்வு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பெருகுவதைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை அல்ல என்று அப்போது தெளிவாகச் சொன்னார்கள். டீக்கடைக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் அதுதான்.

ஆனால் இந்தியாவிலேயே லைசென்ஸ் தேவையில்லாத ஓர் ஊர் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே, வடக்கே, குடகு. ஏலமும் மிளகும் காப்பியும் விளையும் ஊர், நம்மைப் போலவே. ஆங்கிலேயர் காலத்திலிருந்து குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு. ஆண்டுக்கு ஒரு முறை ஆயுதங்களை வைத்துப் பூஜை செய்வது அவர்கள் பண்டிகை. 2019-ல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. சாதியையும் நிலத்தையும் பார்த்து விலக்குக் கொடுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளி, விலக்கு செல்லும் என்றது. நீண்ட கால வழக்கம், போர் மரபு, காலவரையறை உள்ள விலக்கு என்பன காரணங்கள்.

எனக்கு இதில் ஒரு நெருடல். ஆங்கிலேயருக்கு வேண்டியவர்களாக இருந்த ஒரு சமூகத்தின் கையில் துப்பாக்கி மரபு ஆயிற்று. எதிர்த்து நின்ற நம் சமூகங்களின் கையில் இருந்த வளரி மியூசியத்துக்குப் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் வீரத்தில் குறைவு கூடுதல் இல்லை. அன்றைய ஆட்சி யாரை நம்பியது என்பதுதான் வித்தியாசம். நமக்கும் அப்படி விலக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாதிக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம் என்று ஆரம்பித்தால் நம் தென் மாவட்டங்களில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் விவசாயியின் துப்பாக்கியை உண்மையில் மெளனமாக்கியது ஆயுதச் சட்டம் அல்ல, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை குற்றமாயிற்று. அது வேண்டியதுதான். இல்லாவிட்டால் வருசநாட்டு மலையில் இன்று எதுவும் மிஞ்சியிருக்காது. அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு விதி இருக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த 10 கிலோமீட்டருக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் இல்லாமல் புது லைசென்ஸ் கொடுக்கக் கூடாது.

கூடலூரிலோ கம்பத்திலோ நின்று சுற்றிப் பாருங்கள். மேற்கே மலைக்கு அப்பால் பெரியாறு புலிகள் காப்பகம். கிழக்கே மேகமலை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோமீட்டர் அளந்தால் நடுவில் எவ்வளவு மிஞ்சும்? ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் "கொடுக்க வேண்டும்" என்று எழுதியது யாருக்காகவோ, அந்த அடிவார விவசாயி குடியிருக்கும் இடம் முழுவதும் இந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. ஒரு சட்டம் கொடுத்ததை இன்னொரு சட்டம் பெருமளவு எடுத்துக்கொண்டது. 2019-ல் திருத்தம் வந்தபோது ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது என்று பெரிதாகப் பேசினார்கள். ஒன்றுகூட இல்லாதவனுக்கு அதில் என்ன?

துப்பாக்கி போன இடத்துக்கு வேறு வந்தது. கம்பத்திலிருந்து மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக இழுத்து வேலியில் விடுவது. பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய். கருமருந்தும் ரவையும் போட்டுச் சுடும் கள்ள நாட்டுத் துப்பாக்கி. இவை ஆளுக்கும் விலங்குக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மின்வேலியில் பன்றி மட்டுமா சாகிறது? யானை சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டக்காரர் சாகிறார். எண்ணும் பதிவும் உள்ள, போலீசுக்குத் தெரிந்த ஒரு துப்பாக்கி போய், யாருக்கும் தெரியாத நாலு ஆபத்துகள் வந்துவிட்டன. கட்டுப்பாட்டை ஆதரிக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. நானும் அந்தக் கட்சிதான்.

அரசு நினைத்தால் காக்கும் என்பதையும் நாம் பார்த்தோம். 2023 மே 27-ல் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்தபோது 144 தடை உத்தரவு போட்டார்கள், கும்கிகள் வந்தன, மருத்துவர்கள் வந்தார்கள். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு யானைக்கு அது முடியும். நூறு பன்றிகளுக்கு?

குமுளியைத் தாண்டினால் கேரளம். அங்கே பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சுட வைக்கலாம். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் ஒரு முடிவு அறிவித்தார்கள். காட்டெல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வனத்துறையினரே சுடலாம். நிதானமான முடிவுதான். ஆனால் நம் பள்ளத்தாக்கில் தொல்லை மிகுந்த தோட்டங்கள் அந்த முதல் கிலோமீட்டரில்தானே இருக்கின்றன?

என் கருத்து இதுதான். அமெரிக்காவைப் போன்ற உரிமை நமக்கு வேண்டாம். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் வாய்க்கால் தகராறு கூடக் கொலையில் முடியும். அம்பேத்கர் மறுத்தது சரி, உச்ச நீதிமன்றம் சொன்னதும் சரி. ஆனால் உரிமை இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. கேட்டவனுக்குக் காலத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், ஏழை என்று மறுக்கக் கூடாது. இவ்வளவும் இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்க யாரும் அமெரிக்கா போக வேண்டியதில்லை. மதுரைக் கிளை வரை போனால் போதும். பேரத்தின் மறுபாதியையும் அரசு மறக்கக் கூடாது. துப்பாக்கி கூடாது என்று சொல்லும் அந்த முதல் கிலோமீட்டரில் அகழியோ சூரிய மின்வேலியோ ராத்திரி ரோந்தோ அரசின் செலவில் இருக்க வேண்டும். பயிர் போனால் இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் வர வேண்டும்.

பெருங்காமநல்லூர் காலத்து அரசு வேறு, இன்றைய அரசு வேறு. இது நாம் ஓட்டுப் போட்டு வைத்த அரசு. அதனால்தான் கேட்கிறோம். அடிவாரத்தில் நிலம் உள்ள நண்பர்கள் யாராவது பதில் வராத விண்ணப்பத்தோடு இன்னும் காத்திருந்தால், இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, 1959 ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி காரணம் எழுத்தில் வேண்டும் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.